பொன் வட்டில்

சில மாதங்களுக்கு முன்னால் நான் எழுதிய கதை ஒன்றில், புருஷனை இழந்த ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் தானமாகக் கிடைக்கிறது. கோயிலைச் சேர்ந்த தர்ம கமிட்டிப் பெரியவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் கூடி, இரண்டு வார்த்தை பேசி, மெஷினைக் கொடுக்கிறார்கள். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுகிறாள். கதை அத்துடன் முடிகிறது. பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் பாதிப்பேர் தாங்களும் அழுததாக எழுதியிருந்தார்கள். எனக்கும் பரம திருப்தி. வாசகரை அழவைத்துவிட்டால் கதைக்காரனுக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

பிறகு ஒரு நாள் ஸ்ரீரங்கம் போனேன். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி, மாம்பழச் சாலை வழியாகப் போய் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. சித்திரை வீதியில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. அந்த வீட்டு மாமிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். அவரும் தெருப் பெண்கள் சிலருமாக மார்கழி மாதம் திருப்பாவை சொல்லிக்கொண்டு வீதியைச் சுற்றி வருவார்கள். தட்டில் விழுகிற காசை வருஷாவருஷம் சேர்த்து, யாராவது ஒரு பெண்ணுக்குப் பிழைப்புக்கு வழி செய்கிறார்கள். தையல் மெஷின் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. என் கதைக்கு விதை அங்கேதான் கிடைத்தது. கமிட்டிப் பெரியவர்களும் மண்டபமும் என் கற்பனை.

மாமி கதையைப் படித்திருந்தார். காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவ ஏன் ஸார் அழறா?"

நான் என்னவோ சொல்லிச் சமாளித்தேன். நன்றி, நெகிழ்ச்சி, மனித சுபாவம் என்று நாலைந்து வார்த்தைகள். மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்ககிட்ட வாங்கிண்டவா ஒருத்தரும் அழலை. எப்போ கொண்டுவந்து போடுவேள்னுதான் கேட்டா" என்றார்.

அந்தக் கேள்வி என்னை லேசில் விடவில்லை. கொடுக்கிற பெண்ணையும் வாங்கிக்கொள்கிற பெண்ணையும் நம் கதைகள் எப்படிக் காட்டியிருக்கின்றன என்று எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். பார்த்தவரையில் என் கதையில் நான் செய்த பிழை எனக்கு மட்டும் சொந்தமானதில்லை.

ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து தர்மத்தைப் பற்றி யோசிப்பவனுக்குக் கூரத்தாழ்வான் ஞாபகம் வராமல் போகாது. உபந்நியாசகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை, கேட்பவர்களுக்கும் சலிப்பதில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே கூரம் என்ற ஊரில் அவர் பெரிய தனவந்தர். பகலெல்லாம் ஏழைகளுக்கு அன்னம் போட்டுவிட்டு இரவில் மாளிகைக் கதவைச் சாத்தும்போது அந்தக் கதவின் மணியோசை காஞ்சி வரை கேட்குமாம். அங்கே பெருந்தேவித் தாயார், அது என்ன சத்தம் என்று கேட்டாளாம். செய்தி காதில் விழுந்ததும் கூரத்தாழ்வான் கூசிப்போனார். தாம் செய்த தர்மத்தைவிடத் தம் கதவின் சத்தம் பெரிதாகிவிட்டதே என்று இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு, மனைவி ஆண்டாளுடன் ஸ்ரீரங்கத்துக்கு, ராமானுஜரிடம் புறப்பட்டார். (இந்த ஆண்டாள் வேறு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் வேறு.)

இரவு. காட்டு வழி. "வழியில் பயம் ஏதாவது உண்டா?" என்று ஆண்டாள் கேட்கிறாள். "மடியில் கனம் இருந்தாலல்லவா வழியில் பயம்? உன்னிடம் என்ன இருக்கிறது?" என்கிறார் கணவர். அவள் ஒரு பொன் வட்டிலை எடுத்துக் காட்டுகிறாள். போகிற இடத்தில் அவர் அமுது செய்யவும் தண்ணீர் குடிக்கவும் ஒரு பாத்திரம் வேண்டுமே என்று எடுத்து வந்தது. அவர் அதை வாங்கிக் காட்டில் வீசி எறிகிறார். பயம் தீர்ந்தது, நடக்கிறார்கள்.

இந்த இடத்தில் சபையில் 'ஆஹா' என்று ஒரு சத்தம் எழும். நானும் பல தடவை அந்தச் சத்தத்தில் கலந்துகொண்டிருக்கிறேன். கதைக்காரனாக யோசித்தால்தான் சங்கடம். தியாகம் யாருடையது? கூரத்துச் செல்வத்தை வாரிக் கொடுத்தபோது ஆண்டாளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? வட்டிலும் அவளுக்காக எடுத்து வந்ததில்லை, அவருக்காகத்தான். அதுவும் அவள் கையைவிட்டுப் போகிறது. அவளுக்குக் கொடுக்கவும் பாத்தியதை இல்லை, வைத்துக்கொள்ளவும் பாத்தியதை இல்லை. கணவருடைய வைராக்கியத்துக்குச் சாட்சியாக அவளைக் காட்டு வழியில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் குருபரம்பரைக் கதைகளைச் சொல்லி வந்தவர்கள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். ஸ்ரீரங்கத்தில் கூரத்தாழ்வான் உஞ்சவிருத்தி எடுத்துப் பிழைக்கிறார். ஒரு நாள் ஓயாத மழை. பிக்ஷைக்குப் போக முடியவில்லை. அவர் பட்டினியைப் பொருட்படுத்தாமல் தியானத்தில் இருக்கிறார். இரவு கோயிலில் அமுது செய்விக்கும் மணியோசை கேட்கிறது. ஆண்டாள் மனசுக்குள்ளே பெருமாளைப் பார்த்துக் கேட்கிறாள்: உன் பக்தர் இங்கே பட்டினி கிடக்கிறார், நீ அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாயே, இது நியாயமா? கொஞ்ச நேரத்தில் மேளதாளத்துடன் பிரசாதம் வீட்டு வாசலுக்கு வருகிறது. கூரத்தாழ்வான் திடுக்கிட்டு, "நீ ஏதாவது கேட்டாயா?" என்கிறார். கேட்டேன் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். அந்தப் பிரசாதத்தில் தாம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை அவளுக்குக் கொடுக்கிறார். அதன் பலனாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் பராசர பட்டர். சஹஸ்ரநாமத்துக்கு பாஷ்யம் செய்தவர், ராமானுஜருக்குப் பின் ஸ்ரீரங்கத்தில் சம்பிரதாயத்தைத் தாங்கியவர்.

கவனியுங்கள்: கதையின் தொடக்கத்திலும் ஒரு மணியோசை, முடிவிலும் ஒரு மணியோசை. முதல் மணியைக் கேட்டுக் கணவருக்கு வெட்கம் வந்தது; இரண்டாவது மணியைக் கேட்டு மனைவிக்குக் கோபம் வந்தது. வெட்கப்பட்டவர் எல்லாவற்றையும் துறந்தார். கோபப்பட்டவள் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்டாள். சம்பிரதாயம் அவளைக் கண்டிக்கவில்லை. அவள் கேட்டதிலிருந்துதான் தன் வாரிசையே பெற்றதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் உபந்நியாசத்தில் 'ஆஹா' எழுவது வட்டிலை வீசும் இடத்தில்தான். ஆண்டாள் கேட்கிற இடத்தில் ஒரு சின்னச் சிரிப்பு மட்டும். பெண் கொஞ்சம் அவசரக்காரி, பசி தாங்கமாட்டாதவள் என்பதுபோல. அவள் தன் பசிக்காகக் கேட்கவே இல்லை என்பதும், அவளும்தான் பட்டினி என்பதும் யாருக்கும் தோன்றுவதில்லை.

அதே ராமானுஜர் வட்டாரத்தில் உறையூர்ப் பொன்னாச்சியார் இருக்கிறார், ராமானுஜரிடமே எண்பத்தொரு கேள்விகளை அடுக்கிய திருக்கோளூர்ப் பெண்பிள்ளை இருக்கிறாள். திருக்கோட்டியூர் கோபுரத்துச் சம்பவத்தைச் சொல்லிவிட்டால் சமூக நீதிக்குக் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிற நாம் இவர்களை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை.

சரி, பெண்ணே கொடுக்கிறவளாக இருந்தால்? திருச்சியில் அதற்கும் ஒரு கதை உண்டு. இன்று அரசாங்க மியூஸியம் இருக்கிற மண்டபத்துக்கு ராணி மங்கம்மாள் பெயர். சொக்கநாத நாயக்கரின் விதவை. மகனும் இறந்தபின், கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ராஜ்யத்தை நடத்தியவள். சாலை போட்டாள், மரம் நட்டாள், சத்திரம் கட்டினாள். ஹிந்துக் கோயில்களோடு திருச்சியிலுள்ள தர்காவுக்கும் மானியம் விட்டாள். பதினேழு வருஷம் இப்படி ஆண்டவள் ஏன் சாலை போட்டாள் என்று கேட்டால் ஜனங்கள் ஒரு காரணம் சொல்வார்கள்: ஒரு நாள் நினைவு தப்பி இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டுவிட்டாளாம், அந்தத் தோஷத்துக்குப் பிராயச்சித்தமாம்!

எனக்கு இந்தக் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஒரு ராஜா சாலை போட்டால் அது ராஜ்ய பரிபாலனம். ராணி சாலை போட்டால் அவள் கையில் ஏதோ அழுக்கு இருந்திருக்க வேண்டும். அவளுடைய பேரன் விஜயரங்க சொக்கநாதன் கோயில்களுக்கு வாரி வாரிக் கொடுத்தான். ஸ்ரீரங்கம் கோயிலில் அவனும் அவன் குடும்பத்தாரும் ஆள் உயரச் சிலைகளாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அவன் எந்தக் கையால் வெற்றிலை போட்டான் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

இந்தப் பிராயச்சித்தப் புத்தி பாமர ஜனங்களோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. நம் காலத்தின் நல்ல நாவல்களில் ஒன்றான தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) எதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது? அலங்காரத்தம்மாள் தன் பாபத்துக்குப் பரிகாரமாகப் பிள்ளையை வேதத்துக்குக் கொடுத்துவிடுகிறாள். தானம், அதற்குப் பின்னால் ஒரு பாபம். மங்கம்மாளின் வெற்றிலையைவிட இது ஆயிரம் மடங்கு ஆழமானது, நுட்பமானது. ஒப்பிடுவதே அபசாரம் என்று என் நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். இருந்தாலும் அஸ்திவாரம் ஒன்றுதான். அந்த நாவலில் என் மனசு எப்போதும் போய் நிற்பது இன்னொரு பெண்ணிடம். காவிரிக்கரையில் வேத பாடசாலை நடத்தும் பவானியம்மாள். அவள் யாருக்கும் பாபம் செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கிறாள். அதே வீட்டில் இந்து என்ற இளம் விதவை இருக்கிறாள். பையன்களுக்கெல்லாம் ஒரு வழி காட்டுகிற அந்த தர்மத்தில் இந்துவுக்கு என்ன பங்கு என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஜானகிராமன் அந்தக் கேள்வியை ஆசையின் வழியாகக் கேட்டார். தர்மத்தின் வழியாகவும் கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம். அதைக் குறை என்று சொல்லமாட்டேன். அவர் கேட்டதே நம்மில் பலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கதைகளை விட்டுக் கல்லுக்குப் போனேன். மாண்ட்ரீல் நகரத்து ஆராய்ச்சியாளர் லெஸ்லி ஓர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்று உண்டு. சோழர் காலத்துத் தமிழ்நாட்டுக் கோயில் பெண்களைப் பற்றியது. கொடையாளிகள், பக்தைகள், கடவுளின் புதல்விகள் என்று பொருள்படும் தலைப்பு. சாதாரணமாக இந்த விஷயத்தை எடுப்பவர்கள் நடனம், சதங்கை, சிருங்காரம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இந்த அம்மாள் கல்வெட்டுகளை ஒன்று சேர்த்து, அவற்றில் தேவரடியார்கள் என்ன செய்கிறார்கள் என்று வெறும் வினைச்சொல்லைப் பார்த்தார். ஆடியதாகச் சொல்வதைவிட அவர்கள் கொடுத்ததாகச் சொல்வதுதான் மிகுதி. பொன் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், விளக்கு வைத்தார்கள். அப்படிக் கொடுத்ததற்கு ஈடாகக் கோயிலில் ஓர் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பிரசாதத்தில் இத்தனை பங்கு, ஊர்வலத்தில் இன்ன இடம், இன்ன பதிகம் பாடும் பாத்தியதை. சிலர் அதைத் தங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் சேர்த்தே வாங்கினார்கள்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஒரு ஏமாற்றம். இதென்ன, கொடுக்கல் வாங்கலாக அல்லவா இருக்கிறது, பக்தி எங்கே போயிற்று? இரண்டு நாள் கழித்துத்தான் வெட்கம் வந்தது. ஆண்கள் கொடுத்துவிட்டுப் பரிவட்டமும் முதல் தீர்த்தமும் வாங்கிக்கொண்டால் அதை மரியாதை என்கிறோமே!

ஒரு நந்தாவிளக்கு எரியத் தொண்ணூற்றாறு ஆடு. நாள் ஒன்றுக்கு உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்தால் குட்டி, கிழடானால் குட்டி, மந்தை மட்டும் என்றும் தொண்ணூற்றாறு. ஒரு நாவலாசிரியனுக்குக் கிடைக்காத கற்பனை ஒரு கோயில் கணக்கனுக்குக் கிடைத்திருக்கிறது. கொடுத்தது தீராமல் இருக்க வேண்டுமானால் அது குட்டி போட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. என் கதையிலே பெரிய மனிதர்கள் கொடுத்த தையல் மெஷின் குட்டி போடவில்லை. அது கண்ணீரோடு சரி.

பெயர் விஷயமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் 1014-ஆம் ஆண்டுவாக்கில் வெட்டிய கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயரும், தெருவும், எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. இன்று கோயில்களில் உபயப் பலகைகளைப் பாருங்கள். டியூப் லைட்டில் வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்துக்கொண்டு 'உபயம்: இன்னார்' என்றிருக்கும். அந்தப் பணத்தில் பாதி இன்னாருடைய மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்ததாக இருக்கலாம். அவள் பெயர் 'மற்றும் குடும்பத்தினர்' என்பதற்குள் அடங்கிவிடும்.

கல்லையும் ஒரேயடியாகத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். விளக்குக்கு ஆடு கொடுத்த பெண்ணின் பெயர் இருக்கிற அதே காலத்துச் சுவர்களில்தான், பஞ்சம் தாங்காமல் தங்களையும் தங்கள் பெண்களையும் கோயிலுக்கே விற்றுக்கொண்டவர்களின் பத்திரமும் இருக்கிறது. ஓர் அந்தப் பக்கத்தையும் மறைக்கவில்லை. உடைமை இருந்தவள் கொடுத்தாள், மரியாதை பெற்றாள். உடைமை இல்லாதவள் தானே பொருளானாள். தர்மத்தைப் பற்றிப் பேசுகிறபோது பத்திரப் பதிவு ஆபீஸைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும். ஹிந்து விதவைக்கு, தன் சொத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்கவோ வைத்துக்கொள்ளவோ முழு உரிமையை 1956-ஆம் வருஷத்து வாரிசுச் சட்டம்தான் தந்தது. பிதிரார்ஜிதத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. தேசம் முழுவதற்கும் 2005-ல். அதற்கு முன்னால் பெரும்பாலான பெண்களிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? நகை.

1934-ல் காந்திஜி ஹரிஜன நிதிக்காகச் சுற்றிவந்தபோது கேட்டதும் நகைதான். அந்த வருஷம் பிப்ரவரியில் திருச்சிக்கும் வந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடையேறி வளையலையும் சங்கிலியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைப் பற்றித் தம் பத்திரிகையில் உருகி எழுதினார். பெற்றோர் சம்மதம் உண்டா, திரும்ப நகை செய்துகொள்ளாமல் இருப்பாயா என்று அவளிடம் விசாரித்துக்கொண்டார். மற்றவர்கள் இதைக் கூரத்தாழ்வான் வட்டில் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். எனக்கு வித்தியாசம் தெரிகிறது. இங்கே வட்டிலை வீசியது பெண்ணின் கை. அதே சமயம், அவளுக்குச் சொந்தம் என்று உலகத்தில் இருந்ததே அவ்வளவுதான் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

அதே 1934-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். குமுதினி என்ற புனைபெயரில் எழுதிய ரங்கநாயகி தாத்தம் (1905–1986). இமாம் பசந்து மாம்பழத்துக்குப் பேர்போன தோட்டக்காரத் தாத்தாச்சாரியார் குடும்பத்து மருமகள். ஆசாரமான வைஷ்ணவ வீடு. அந்த வீட்டுக்குள்ளிருந்துகொண்டே கதர் உடுத்தினார், காந்தி வழியில் நின்றார், 'திவான் மகள்' என்ற நாவலையும் 'சில்லறைச் சங்கதிகள் லிமிடெட்' என்ற கட்டுரைத் தொகுப்பையும் எழுதினார். திருச்சி சேவா சங்கம் என்ற ஸ்தாபனத்தை நிறுவி, திக்கற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆதரவு தேடித் தந்தார். இவ்வளவும் செய்த ஒருவரை நம் விமரிசகர்கள் 'ஹாஸ்ய எழுத்தாளர்' என்று ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அவர் ஆனந்த விகடனில் எழுதிய சீதையின் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பவுலா ரிச்மன் 2008-ல் தொகுத்த ஆங்கில ராமாயணக் கதைத் தொகுதியில் அது இடம்பெற்றபிறகுதான் நம்மவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள், வழக்கம்போல. அயோத்திக்கு வாழ்க்கைப்பட்ட சீதை மிதிலையில் இருக்கிற தாயாருக்குக் கடிதம் எழுதுகிறாள். விஷயம் என்ன? புடவை. மிதிலைப் புடவைகள் அயோத்தி நாகரிகத்துக்கு ஒத்துவரவில்லை. எந்த நிறம் எடுப்பது, எந்தக் கரை அனுப்பச் சொல்வது என்று ஒரே கவலை. பட்டாபிஷேகம் வருகிறது, கவலை உச்சத்துக்கு ஏறுகிறது. உடனே வனவாசம் வருகிறது, புடவைப் பிரச்னை மரவுரியில் போய் முடிகிறது.

முதல் வாசிப்பில் தமாஷ். இரண்டாவது வாசிப்பில் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. மூன்றாவது தடவைதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்தச் சீதைக்குக் கேட்கத் தெரிகிறது. ஏதோ ஒரு புடவை அனுப்பு, உன் ஆசீர்வாதம் என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறவள் அல்ல அவள். இன்ன நிறம், இன்ன கரை என்று எழுதுகிறாள். தானம் வாங்குகிறவளுக்கு ருசி இருக்கலாமா? புடவை தானம் நடக்கிற இடங்களில் பாருங்கள், மூட்டை மூட்டையாக ஒரே நிறம், ஒரே கரை. யாராவது ஒருத்தி, "அந்தப் பச்சை இருக்கா?" என்று கேட்டுவிட்டால் கொடுப்பவர் முகம் சுருங்கிவிடும். வாய்ப் பேச்சில் எத்தனையோ தர்மம் செய்கிற நமக்கு, ஏழைக்கு நிறம் தெரியக்கூடாது. குமுதினி மேடையில் இதைப் பிரசங்கம் செய்திருந்தால் நான் படித்திருக்கமாட்டேன். சீதையின் புடவையில் வைத்துக் கொடுத்ததால் படித்தேன். சில்லறைச் சங்கதிகள் என்று அவர் தாமே பெயர் வைத்துக்கொண்டதில் ஓர் அகங்காரம் ஒளிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கண்டிப்பாக நல்ல அகங்காரம்.

அவரிடம் எனக்குக் குறையும் உண்டு. நான் படித்தவரையில், அவருடைய எழுத்தில் மேல்வீட்டுப் பெண்களின் குரல் கேட்கிற தெளிவோடு, சேவா சங்கத்துக்கு வந்து சேரக்கூடிய பெண்களின் குரல் கேட்பதில்லை. அவர்களை அழவைத்துக் காசாக்கக் கூடாது என்ற நாணயம் காரணமாக இருக்கலாம். என் போன்றவர்களிடம் இல்லாத நாணயம். இருந்தாலும் அவ்வளவு கூர்மையான காது அவர்கள் பக்கமும் திரும்பியிருந்தால் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மணிமேகலையை மறந்துவிட்டேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். அமுதசுரபியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அரசனிடம் போய்ச் சிறைக்கூடத்தை அறச்சாலையாக மாற்று என்று கேட்கிறாளே, அந்த இடம் எனக்கு அமுதசுரபியைவிடப் பெரிது. அவள் கையிலிருந்தது அதிசயப் பாத்திரம்; கேட்பதற்கு அதிசயம் ஒன்றும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் நமக்குப் பாத்திரத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-லிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. நல்ல காரியம், சாப்பிட்டிருக்கிறேன், சாம்பாரைப் பற்றிக்கூடப் புகார் இல்லை. பதின்மூன்று நிலை ராஜகோபுரம் 1987-ல் ஊர் உலகத்தார் கொடுத்த பணத்தில் எழுந்து நின்றதையும் பார்த்திருக்கிறோம். கூடிக் கொடுப்பதற்கு நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே திருச்சியில் 1923-லேயே கன்னிமார்கள் ஹோலி கிராஸ் என்று பெண்களுக்கு ஒரு கல்லூரி கண்டார்கள். அதுவும் ஒரு நம்பிக்கையிலிருந்து எழுந்த கொடைதான். கொடுத்தவர்களும் பெண்கள், நடத்தினவர்களும் பெண்கள், வாங்கிக்கொண்டவர்களும் பெண்கள். அதை வைத்து ஒரு நல்ல நாவல் தமிழில் நான் படிக்கவில்லை. கன்னியாஸ்திரீ என்றால் நமக்கு ஜன்னலோரம் ஒரு சோக முகம் வேண்டும். கட்டடத்துக்குச் செங்கல் கணக்குப் பார்த்த கன்னியாஸ்திரீ கதைக்கு உதவமாட்டாள் போலிருக்கிறது.

சித்திரை வீதி மாமியிடம் இரண்டாம் தடவை போனபோது, அவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று விவரமாகக் கேட்டேன். மெஷின் வாங்கிக்கொண்ட பெண் மாதாமாதம் தன்னால் முடிந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி கிடையாது. அந்தப் பணம் அடுத்தவளுக்குப் போகும். அடுத்தவள் யார் என்று தீர்மானிக்கும்போது, முன்னால் வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் கூட உட்கார வேண்டும்.

"உட்காருவார்களா?" என்று கேட்டேன்.

மாமி கொஞ்சம் பேசாமல் இருந்தார். "முதல் வருஷம் வந்தவ திண்ணைக்குக் கீழே நின்னுண்டே பேசினா. நாங்களும் உட்காருன்னு சொல்லலை. அது எங்க தப்புதான். அடுத்த வருஷம் அவளே ஏறி உட்கார்ந்துட்டா. எங்க கோஷ்டியிலே ரெண்டு பேர் அப்புறம் வரலை."

"நின்றுபோன இரண்டு பேர்?"

"வரலைன்னா வரலை. அவா காசு இல்லாமலே அந்த வருஷமும் மெஷின் வாங்கினோம்."

மேலக் கோபுரத்துப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வாக்கியத்துக்கு முன்னால் என் மண்டபமும் மாலையும் வெள்ளிக்கிழமையும் எத்தனை மட்டமான சரக்கு என்று எனக்குத் தோன்றிவிட்டது. கதை தொகுதியில் சேரப் போகிறது என்றும், அதற்குள் ஏதாவது திருத்த வேண்டுமானால் சொல்லலாம் என்றும் மாமியிடம் சொன்னேன். முடிவை மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கை மெஷின்னு எழுதியிருக்கேள். கை மெஷின்லே ரவிக்கை தைச்சுப் பிழைக்க முடியுமா? ஒரு கை சக்கரத்துக்கே போயிடும். கால் மெஷின்னு போடுங்கோ" என்றார்.

கால் மெஷின் என்று போட்டுவிட்டேன். அழுகிற வரியை இன்னும் அடிக்கவில்லை. புரூப் என் மேஜைமேல் இருக்கிறது.